ஒரே ஸ்லாப், இரண்டு தேதி

விசாரணையின் ஆறாவது நாள். மதியச் சாப்பாட்டுக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. தலைமை நடுவர் எங்கள் அறிக்கையிலிருந்து ஒரு பார் சார்ட்டையும் எதிர்த்தரப்பு அறிக்கையிலிருந்து ஒரு பார் சார்ட்டையும் உருவி, ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிறகு சாட்சி மேசையில் அருகருகே உட்கார்ந்திருந்த இரண்டு நிபுணர்களிடமும், "இது இரண்டும் ஒரே கட்டடம்தானா?" என்று கேட்டார். அறையில் இருபது பேராவது இருந்திருப்போம். ஒருவரும் சிரிக்கவில்லை. எங்கள் நிபுணருக்குப் பின்னால் இரண்டாவது வரிசையில், மடிக்கணினியும் எட்டு ஃபைலுமாக உட்கார்ந்திருந்த எனக்குக் காது சூடானது. அந்த சார்ட்டைப் போட்டவன் நான்.

நான் ஒரு டிலே அனலிஸ்ட். சிவில் படித்துவிட்டு, வளைகுடாவில் ஒன்பது வருடம் சைட்டில் பிளானிங் இன்ஜினியராக இருந்து, பிரைமவேரா என்ற திட்டமிடல் மென்பொருளோடு குடும்பம் நடத்தி, அப்புறம் இந்தப் பக்கம் வந்தவன். கட்டடம் ஏன் தாமதமானது, அந்தத் தாமதத்தில் எத்தனை நாள் யார் தலையில் விழும் என்று கணக்குப் போடுவது வேலை. ஊரில் யாராவது கேட்டால் 'கோர்ட்டு வேலை' என்று சொல்லி முடித்துக்கொள்வேன். நான் எழுதப்போகும் வழக்கைப் பெயர் சொல்லி எழுத முடியாது. ரகசியம் காப்பதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நாட்டைச் சொல்லவில்லை, தேதிகளைக் கொஞ்சம் நகர்த்தியிருக்கிறேன். தேதிகளுக்கு இடையில் உள்ள நாள்களை மட்டும் மாற்றவில்லை. சண்டையே அந்த நாள்களுக்குத்தான்.

பன்னாட்டுக் கட்டுமான ஆர்பிட்ரேஷனை, அதாவது கோர்ட்டுக்குப் பதிலாக நடுவர்கள் முன்னால் தகராறைத் தீர்ப்பதை, எப்படி வேகப்படுத்துவது, செலவை எப்படிக் குறைப்பது என்று வருடம் தவறாமல் மாநாடு நடக்கிறது. நானும் இரண்டு மூன்றுக்குப் போயிருக்கிறேன். நல்ல சாப்பாடு போடுவார்கள். மேடையில் பேசுகிறவர்கள் எல்லாரும் விதிகளைப் பற்றியும் காலக்கெடுவைப் பற்றியும் பேசுவார்கள். கேட்டுக்கொண்டிருக்கும்போது எனக்கு அந்த ஆறாவது நாள்தான் ஞாபகம் வரும். அன்று ராத்திரி ஒரு தம்பி என்னிடம் சொன்ன ஒரு வரியும் கூடவே வரும். அதைச் சொல்ல வேண்டுமானால் முதலில் ஒரு ஸ்லாபை, அதாவது ஒரு கான்கிரீட் தளத்தை, பற்றிச் சொல்ல வேண்டும்.

போடியம் எப்போது முடிந்தது?

நாலு மாடிப் போடியம், அதாவது அகலமான அடிக்கட்டடம், அதன் மேல் இரண்டு கோபுரம். போடியத்தின் மேல் ஸ்லாப் முடிந்தால்தான் கோபுரத் தூண்களை எழுப்ப முடியும். கிரிட்டிக்கல் பாத், அதாவது ஒரு நாள் தள்ளினாலும் மொத்தக் கட்டடமும் தள்ளிப்போகும் வேலை வரிசை, அந்த ஸ்லாப் வழியாகத்தான் போகிறது என்பதில் இரண்டு தரப்புக்கும் சந்தேகமில்லை. தூண்களுக்கான திருத்திய வரைபடங்களை கிளையன்ட்டின் கன்சல்டன்ட் ஏப்ரல் 20 அன்றுதான் கொடுத்தார், அதிலும் சந்தேகமில்லை. கேள்வி ஒன்றே ஒன்று. வரைபடம் வந்த அன்றைக்கு ஸ்லாப் தயாராக இருந்ததா? என் சார்ட்டில் ஸ்லாப் முடிந்த தேதி மார்ச் 12. அப்படியானால் கான்ட்ராக்டர் 39 நாள் வரைபடத்துக்காகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அந்த 39 நாளும் கிளையன்ட் கணக்கு. எதிர்த்தரப்பு சார்ட்டில் அதே ஸ்லாப் முடிந்த தேதி ஏப்ரல் 28. அப்படியானால் வரைபடம் வந்தபோது கான்ட்ராக்டரே தயாராக இல்லை. ஒரு நாள்கூட நீட்டிப்புக் கேட்க முடியாது, போதாததற்குத் தாமத அபராதத்தை நாள்கணக்கில் அழ வேண்டும்.

இரண்டு தேதியும் பொய் இல்லை. அந்த ஸ்லாபை ஒன்பது துண்டாக வார்த்தார்கள். கடைசித் துண்டின் போர் கார்டில், அதாவது கான்கிரீட் வார்த்ததற்கான பதிவு அட்டையில், மார்ச் 12 என்று இருக்கிறது; கான்கிரீட் லாரி எத்தனை மணிக்கு வந்தது என்பதுவரை எழுதி, கையெழுத்தும் இருக்கிறது. நான் அதை எடுத்துக்கொண்டேன். எதிர்த்தரப்பில் இன்ஸ்பெக்‌ஷன் ரிக்வெஸ்ட் கட்டுகளை, அதாவது முடித்த வேலையைப் பார்த்து ஒப்புதல் தரக் கேட்கும் படிவங்களை, எடுத்துக்கொண்டார்கள். ஒரு மூலையில், கோபுரத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஓரத்தில், கான்கிரீட் தேன்கூடு மாதிரி ஓட்டை விழுந்திருந்தது. அதைக் கொத்தி, பூசி, கன்சல்டன்ட் பார்த்துக் கடைசிக் கையெழுத்துப் போட்டது ஏப்ரல் 28. நான் 'முடிந்தது' என்றால் வார்த்து முடிந்தது. அவர்கள் 'முடிந்தது' என்றால் ஒப்புதல் வாங்கி முடிந்தது. பதினொரு மாதம் இரண்டு அலுவலகங்களில் எட்டுப் பேர் உட்கார்ந்து வேலை செய்தோம். முதல் அறிக்கை, மறுப்பு அறிக்கை, மறுப்புக்கு மறுப்பு எல்லாம் வந்தன. 'முடிந்தது என்றால் என்ன?' என்று ஒருவரும் ஒருவரையும் கேட்கவில்லை.

நிபுணர்கள் விசாரணைக்கு முன்னால் சந்திக்கவில்லையா என்று கேட்கலாம். சந்தித்தார்கள். கூட்டறிக்கை ஒன்றும் கொடுத்தார்கள். அதில் இரண்டரைப் பக்கம் ஆய்வு முறையைப் பற்றி இருந்தது. நாங்கள் ப்ராஜெக்டின் காலத்தை ஜன்னல் ஜன்னலாக வெட்டிப் பார்க்கும் முறையில் போனோம். அவர்கள் நடந்து முடிந்ததிலிருந்து தாமதங்களைக் கழற்றிக்கொண்டே போய், எது இல்லாவிட்டால் எப்போது முடிந்திருக்கும் என்று பார்க்கும் முறையில் போனார்கள். எது சிறந்தது என்று இரண்டு பெரிய மனிதர்களும் வாள் சுழற்றினார்கள். இங்கிலாந்தின் கட்டுமானச் சட்டச் சங்கம் வெளியிட்ட டிலே நெறிமுறை, 2002-இல் வந்து 2017-இல் திருத்தப்பட்டது, எங்கள் துறைக்கு வேதம் மாதிரி. இரண்டு பேரும் அதிலிருந்தே மேற்கோள் காட்டினார்கள். ஸ்லாப் தேதிக்கு எதிரே இருந்த கட்டத்தில் மட்டும் ஒரே ஒரு சொல்: 'ஒப்புதலில்லை'. ஏன் ஒப்புதலில்லை என்பதற்கு அந்தக் கட்டத்தில் இடமில்லை. முறையைப் பற்றிச் சண்டை போடுவதில் ஒரு கௌரவம் இருக்கிறது. போர் கார்டைப் பற்றிச் சண்டை போட்டால் சைட் இன்ஜினியர் மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தார்களோ என்னவோ.

கேள்வி கேட்ட தலைமை நடுவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மதியத்துக்கு மேல் சாட்சி விசாரணை கிடையாது என்றார். இரண்டு நிபுணர்களும் அவர்களுடைய உதவியாளர்களும் ஓர் அறையில் உட்கார வேண்டும். வக்கீல்கள் உள்ளே வரக் கூடாது. அங்கே பேசுவதை யாரும் பிறகு சாட்சியமாகக் காட்டக் கூடாது. நாளைக் காலை ஒன்பது மணிக்கு, எந்தத் தேதிகளில் உடன்பாடு, எதில் இல்லை, ஏன் இல்லை என்று ஒரு பட்டியல் வேண்டும். அவ்வளவுதான் உத்தரவு. இரண்டு தரப்பு சீனியர் வக்கீல்களும் எழுந்து ஏதோ சொல்லப் பார்த்தார்கள். அவர் சாப்பிடப் போய்விட்டார்.

கடையநல்லூர் தெருவில் ஒரு ராத்திரி

விசாரணை நடந்தது சிங்கப்பூரில், மேக்ஸ்வெல் சேம்பர்ஸில். பழைய சுங்க அலுவலகக் கட்டடம். பக்கத்திலேயே மேக்ஸ்வெல் உணவங்காடி இருக்கிறது. கோழிச்சோறுக்கு உலகத்திலிருந்தே வந்து வரிசையில் நிற்பார்கள். அந்த உணவங்காடியின் முகவரி என்ன தெரியுமா? 1, கடையநல்லூர் தெரு. நான் புளியங்குடிக்காரன். கடையநல்லூர் எங்களுக்கு அடுத்த ஊர் மாதிரி. வளைகுடாவில் கட்டிய கட்டடத்துக்கு லண்டன் வக்கீல்கள் வாதாடும் வழக்கில், கடையநல்லூர் தெருவில் நின்று பொட்டலம் வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனேன்.

எதிர்த்தரப்பு உதவியாளர் வவுனியாக்காரத் தம்பி. குவான்டிட்டி சர்வேயர். வளைகுடாவில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே அளவுக் கணக்கு என்றால் பாதி இலங்கைக்காரர்கள்தான். பதினொரு மாதமாக அவர் செய்த அட்டவணைகளைக் குற்றம் கண்டுபிடிப்பதுதான் என் வேலை, என்னுடையதைக் கண்டுபிடிப்பது அவர் வேலை. அடிக்குறிப்புகளில் ஒருவரையொருவர் நன்றாகத் தெரியும்; முகம் பார்த்துப் பேசியது அன்றுதான். இரண்டு நிபுணர்களும் ராத்திரி பத்து மணிவரை இருந்தார்கள். முக்கியமான தேதிகளைப் பேசி முடித்துவிட்டு, மிச்சத்தை நீங்கள் அட்டவணையாகப் போட்டுவிடுங்கள் என்று ஹோட்டலுக்குப் போனார்கள்.

முந்நூற்றுச் சொச்சம் வேலைகளில் எங்கள் தேதியும் அவர்கள் தேதியும் ஒத்துப்போகவில்லை. வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தபோது பதினொன்றரை மணிவாக்கில் இரண்டு பேருமே கவனித்தோம்: முந்நூறு தகராறு இல்லை, மூன்றே தகராறுதான். ஒன்று, 'முடிந்தது' என்பதற்கான அர்த்தம். இரண்டாவது, நாள்காட்டி, ரமலான் மாதத்தின் குறைந்த வேலை நேரத்தை நான் நாள்காட்டியிலேயே ஏற்றியிருந்தேன், அவர் ஏற்றவில்லை. மூன்றாவது, மின்சார வேலைகளுக்கு நான் மாதாந்திர அறிக்கையின் சதவீதத்தை நம்பினேன், அவர் தினசரி அறிக்கையில் இருந்த ஆள் கணக்கை நம்பினார். (மூன்றாவதில் அவர் செய்ததுதான் சரி. மாதாந்திர அறிக்கையை எழுதிய அனுபவம் எனக்கு உண்டு. அந்தச் சதவீதங்கள் எப்படிப் பிறக்கின்றன என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.) இந்த மூன்றையும் தீர்த்தால் முந்நூறில் இருபது முப்பது மட்டும்தான் மிஞ்சும். அந்த இருபது முப்பதுதான் உண்மையான வழக்கு.

அப்போதுதான் அந்தத் தம்பி ஒரு பழைய ஃபோல்டரைத் திறந்தார். எங்கள் தரப்பே கொடுத்த ஆவணங்கள்தான், 'இதர' என்று பெயரிட்ட ஃபோல்டர். நான் ஒருநாளும் அதைத் திறந்ததில்லை. உள்ளே சைட் சர்வேயரின் நோட்டுப் புத்தகத்தை ஸ்கேன் செய்து போட்டிருந்தார்கள். மார்ச் 31 என்று தேதி போட்ட பக்கத்தில், போடியம் மேல் ஸ்லாபில் நூல் தட்டிக் கோபுரத்தின் கிரிட் கோடுகள் போட்டாயிற்று என்று இருந்தது. அதாவது அன்றைக்கு ஸ்லாபின் மேல் அடுத்த வேலையைத் தொடங்க இடம் தயார். கம்பி இழுத்து இறுக்கி, மட்டம் பார்த்து, மேடு தட்டி, சர்வேயர் வந்து நின்றுவிட்டார். கடைசிப் போர் கார்டும் முக்கியமில்லை, மூலையில் பூசிய ஓட்டையும் முக்கியமில்லை. தூண் வேலைக்காரனுக்கு எப்போது இடம் கிடைத்தது என்பதுதான் கேள்வி. மார்ச் 31 என்றால் கிளையன்ட் தலையில் 20 நாள். 39-ம் இல்லை, பூஜ்யமும் இல்லை.

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் சொன்னார்: "அண்ணை, இதைப் போன வருசமே கதைச்சிருக்கலாமே."

"கதைக்க விட்டாத்தானே தம்பி" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, அது முழு உண்மை இல்லை என்று அப்போதே தெரியும். என்னைக் கதைக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

மாதங்கள் கழித்து வந்த தீர்ப்பில் அந்த ஸ்லாபுக்கு 20 நாள்தான் கிடைத்தது. சர்வேயர் புத்தகத்துக்கு ஒரே ஒரு பத்தி.

வேகமெல்லாம் விதிப் புத்தகத்தில்

இப்போது மாநாட்டுப் பேச்சுக்கு வருகிறேன். பாரிஸில் இருக்கிற ஐசிசியை எடுத்துக்கொள்வோம். ஐசிசி என்றதும் கிரிக்கெட் ஞாபகம் வந்தால் தப்பில்லை, எனக்கும் முதலில் அப்படித்தான் வந்தது. இது பன்னாட்டு வணிகச் சங்கம். அதன் நடுவர் நீதிமன்றம் 1923-இலிருந்து நடக்கிறது. அங்கே வரும் வழக்குகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று கட்டுமானமும் பொறியியலும். கட்டுமான வழக்குகளை எப்படி நடத்தினால் திறமையாக நடக்கும் என்று 2001-இலேயே ஓர் அறிக்கை போட்டார்கள், 2019-இல் அதைப் புதுப்பித்தார்கள். நல்ல அறிக்கை. 2012 விதிகளில், தொடக்கத்திலேயே நடுவர்களும் தரப்புகளும் உட்கார்ந்து வழக்கை எப்படி நடத்துவது என்று பேசியாக வேண்டும் என்று வைத்தார்கள். 2016-இல், மூன்று நடுவர் மன்றம் கடைசி விசாரணைக்குப் பின் மூன்று மாதத்துக்குள் தீர்ப்பு வரைவைக் கொடுக்காவிட்டால் கட்டணத்தில் கை வைப்போம் என்று அறிவித்தார்கள். 2017-இல் 20 லட்சம் டாலர் வரையிலான வழக்குகளுக்கு ஆறு மாதத்தில் தீர்ப்பு என்று துரித வழி வந்தது. 2021-இல் அந்த வரம்பு 30 லட்சமானது. சிங்கப்பூர் நடுவர் மையமும் 2025 புத்தாண்டு முதல் புது விதிகளைக் கொண்டுவந்து, சின்ன வழக்குகளை மூன்று மாதத்தில் முடிக்க வழி செய்திருக்கிறது.

எல்லாம் சரி. ஆனால் நான் பார்த்த வழக்குகளில் ஒன்றுகூட 30 லட்சம் டாலருக்குள் அடங்கவில்லை. ஒரு கோபுரத்தின் கண்ணாடி முகப்புத் தகராறு மட்டுமே அதைத் தாண்டிவிடும். தவிர, நேரம் தின்பது விதி இல்லை. பதினொரு மாதம் நானும் வவுனியாத் தம்பியும் வேறு வேறு கட்டடம் கட்டிக்கொண்டிருந்தோமே, அதை எந்தக் காலக்கெடு தடுத்திருக்கும்? கெடுவைப் பாதியாக்கியிருந்தால் ஐந்தரை மாதத்தில் அதே இரண்டு கட்டடங்களைக் கட்டியிருப்போம், இன்னும் கொஞ்சம் மோசமாக.

இன்னொன்றையும் மேடையில் பேச மாட்டார்கள். வேகம் எல்லாருக்கும் வேண்டும் என்பது பொய். பணம் வாங்க வேண்டியவனுக்கு வேண்டும். கொடுக்க வேண்டியவனுக்கு எதற்கு? பன்னாட்டுக் கட்டுமான வேலைகளுக்கு எடுத்துக்கொள்ளும் ஃபிடிக் மாதிரி ஒப்பந்தத்தின் 1999 பதிப்பில், தகராறு ஏற வேண்டிய ஏணி எப்படி இருந்தது என்று பார்த்தால் புரியும். தகவல் தெரிந்து 28 நாளுக்குள் நோட்டீஸ், 42 நாளில் விவரமான க்ளெய்ம், அடுத்த 42 நாளில் இன்ஜினியரின் பதில், பிடிக்கவில்லையா, ஒப்பந்தப்படி அமைக்கும் தகராறு வாரியம், அதற்கு 84 நாள், அப்புறம் சமாதானம் பேச 56 நாள். இதையெல்லாம் ஏறி முடித்த பிறகுதான் ஆர்பிட்ரேஷன் என்ற மொட்டை மாடி. இந்தோனேசியாவில் தெற்கு சுமத்ராவிலிருந்து மேற்கு ஜாவாவுக்கு எரிவாயுக் குழாய் போட்ட சிஆர்டபிள்யூ என்ற கூட்டு நிறுவனத்துக்கும் அந்நாட்டு அரசு எரிவாயு நிறுவனத்துக்கும் இடையில் நடந்த வழக்கு எங்கள் துறையில் பிரபலம். தகராறு வாரியம் 1 கோடியே 73 லட்சம் டாலரைக் கொடு என்று சொன்னது 2008 நவம்பரில். முதலில் பணத்தைக் கட்டு, வாதம் பிறகு என்பதுதான் அந்த ஏணியின் அடிப்படையே. கட்டித்தான் ஆக வேண்டும் என்று சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் இறுதியாகச் சொன்னது 2015 மே மாதம், அதுவும் இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில். கிட்டத்தட்ட ஆறரை வருடம். ஒப்பந்த வாசகத்தில் இருந்த ஓர் ஓட்டைதான் காரணம். ஃபிடிக் 2017 பதிப்பில் அதை அடைத்துவிட்டார்கள்.

அதற்காக, வேகமாக வருவதெல்லாம் சரியாக இருக்கும் என்றும் சொல்ல மாட்டேன். பனாமா கால்வாயை அகலப்படுத்திய வேலையில், கான்கிரீட்டுக்குத் தோண்டி எடுத்த பசால்ட் பாறை சொன்ன தரத்தில் இல்லை என்று கான்ட்ராக்டர்கள் கேட்டதில், தகராறு வாரியம் 2014-இல் பெருந்தொகை கொடுக்கச் சொன்னது. 2020-இல் மயாமியில் உட்கார்ந்த நடுவர் மன்றம் அதைத் தலைகீழாக்கி, ஏறத்தாழ 24 கோடி டாலரைக் கால்வாய் ஆணையத்துக்குத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. பாறையைப் பற்றி நிதானமாகக் கேட்பதற்கும் ஓர் இடம் வேண்டும்தான். நிதானமாகக் கேட்பது வேறு, ஒரே கேள்வியை இரண்டு அறையில் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டிருப்பது வேறு.

நடுவர்களின் பயம்

அந்த ஆறாவது நாள் உத்தரவை முதல் மாதமே ஏன் போடவில்லை? அந்தத் தலைமை நடுவர் கெட்டிக்காரர், கட்டடம் தெரிந்தவர். ஆனாலும் ஆறு நாள் பொறுமையாக உட்கார்ந்திருந்தார். விசாரணைக்கு இரண்டு வாரம் முன்னால் எதிர்த்தரப்பு புது அறிக்கை கொண்டுவந்தபோதும் அனுமதித்தார். பதிலுக்கு நாங்கள் ஒன்று கொண்டுபோனதையும் அனுமதித்தார். எதிர்த்தரப்பிடம் என்னென்ன ஆவணம் வேண்டும் என்று கேட்கும் கோரிக்கை அட்டவணை ஒன்று உண்டு, ஆலன் ரெட்ஃபெர்ன் என்ற வழக்கறிஞரின் பெயரால் அழைப்பார்கள். (குறைபாடுகளைப் பட்டியலிடும் அட்டவணைக்கு ஸ்காட் என்பவரின் பெயர். எங்கள் துறையில் சாகாவரம் வேண்டுமென்றால் ஓர் அட்டவணையைக் கண்டுபிடிக்க வேண்டும்.) அதில் இரண்டு தரப்பும் நூற்றுக்கு மேல் கோரிக்கை வைத்தோம். பாதிக்கு மேல் அனுமதித்தார். வந்த ஆவணங்களில் பெரும்பகுதியை யாரும் படிக்கவில்லை என்பதற்கு 'இதர' ஃபோல்டரே சாட்சி.

காரணம் பயம். 1958-இன் நியூயார்க் உடன்படிக்கைப்படி, ஒரு தரப்புக்குத் தன் வழக்கைச் சொல்ல வாய்ப்புக் கிடைக்கவில்லை என்று நிரூபித்தால், தீர்ப்பை நிறைவேற்ற மாட்டோம் என்று ஒரு நாட்டின் நீதிமன்றம் சொல்லலாம். மூன்று நடுவர்கள் மூன்று வருடம் பாடுபட்டு எழுதிய தீர்ப்பு குப்பைக்குப் போகும். அதனால் யார் எதைக் கேட்டாலும் கொடுத்துவிடுவது பாதுகாப்பு. வக்கீல்களுக்கு இது நன்றாகத் தெரியும். 'எங்களுக்கு முழு வாய்ப்பு மறுக்கப்படுகிறது என்பதைப் பதிவு செய்துகொள்ள விரும்புகிறோம்' என்று ஒரு வாக்கியம் இருக்கிறது. மிக மரியாதையான வாக்கியம். அதைச் சொன்னதும் நடுவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020-இல் இந்தப் பயத்துக்குக் கொஞ்சம் மருந்து கொடுத்தது. குவாத்தமாலாவில் ஒரு மின் நிலையம், கட்டியது சீன கான்ட்ராக்டர், ஐசிசி விதிகள், சிங்கப்பூரில் ஆர்பிட்ரேஷன். வழக்கைத் துரிதமாக நடத்துவோம் என்று இரண்டு தரப்பும் ஒப்பந்தத்திலேயே ஒத்துக்கொண்டிருந்தார்கள். தோற்ற பிறகு கான்ட்ராக்டர் வந்து, அவசரப்படுத்திவிட்டார்கள், முழு வாய்ப்புக் கிடைக்கவில்லை என்றார். நீதிமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை. 'முழு வாய்ப்பு' என்றால் எல்லையில்லாத வாய்ப்பு அல்ல, நியாயமும் பொருத்தமும்தான் அதன் எல்லை என்றது. நடக்கும்போது வாய் மூடியிருந்துவிட்டு, தோற்றபின் குறை சொல்வதையும் ஏற்கவில்லை. நடுவர்கள் இந்தத் தீர்ப்பை மாநாட்டில் மேற்கோள் காட்டுவதைப் பார்த்திருக்கிறேன். விசாரணை அறையில் அதன்படி நடப்பதை அவ்வளவாகப் பார்த்ததில்லை.

எங்கள் பங்கையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் மணிக்கணக்கில் பில் போடுகிறவர்கள். அந்தப் பதினொரு மாதத்தில் என் சம்பளம், என் குழந்தைகளின் பள்ளிக் கட்டணம் எல்லாம் அந்த மார்ச் 12-இல்தான் வந்தது. முதல் வாரமே எதிர்த்தரப்பை அழைத்து 'முடிந்தது என்றால் உங்களுக்கு என்ன?' என்று கேட்டிருந்தால், நாலு பேர் வேலை இரண்டு பேராகியிருக்கும். யாரும் திட்டம் போட்டு இழுத்தடிக்கவில்லை. ஆனால் இழுத்தடித்ததால் எங்களில் யாருக்கும் நஷ்டமில்லை. நஷ்டம் அந்தக் கான்ட்ராக்டரின் கீழே பணத்துக்காகக் காத்துக்கொண்டிருந்த சப்-கான்ட்ராக்டர்களுக்கு. அவர்களில் ஒருவர், அலுமினிய வேலை எடுத்தவர், தீர்ப்பு வருவதற்குள் கடையை மூடிவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

இன்னொரு வழக்கு

அதற்கு இரண்டு வருடம் கழித்து வேறொரு வழக்கு. ஒரு சுத்திகரிப்பு நிலையம். அங்கே நடுவர் மன்றம் முதல் கூட்டத்திலேயே ஓர் உத்தரவு போட்டது: யாரும் அபிப்பிராயம் எழுத வேண்டாம். முதலில் இரண்டு தரப்பு டிலே நிபுணர்களும் சேர்ந்து, எந்த வேலை எப்போது தொடங்கி எப்போது முடிந்தது என்று ஒரே அட்டவணை கொடுக்க வேண்டும். ஒவ்வொரு தேதிக்கும் எந்த ஆவணம் ஆதாரம் என்று எதிரே எழுத வேண்டும். 'தொடங்கியது', 'முடிந்தது' என்ற சொற்களுக்கு முதல் பக்கத்திலேயே விளக்கம் வேண்டும். அது வந்த பிறகுதான் அறிக்கை. நான் அந்த உத்தரவைப் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டேன்.

சுலபமாக நடந்தது என்று நினைக்க வேண்டாம். எங்கள் தரப்பு வக்கீல்களே எதிர்த்தார்கள். தங்களுக்குத் தெரியாமல் நிபுணர் எதையாவது ஒத்துக்கொண்டுவிடுவாரோ என்ற கவலை. அட்டவணைக்கு மட்டும் நாலு மாதம் ஆனது. ஒத்துக்கொண்ட ஒரு தேதி தப்பு என்று பிற்பாடு ஒரு ட்ரோன் படம் காட்டிக்கொடுத்தது. அதைத் திருத்துவதற்கு ஒரு பெரிய கடிதப் போர். வேலைத்திறன் இழப்பைப் பற்றிய க்ளெய்மில், அதாவது இடைஞ்சல்களால் ஆள்கள் மெதுவாக வேலை செய்தார்கள் என்பதில், இந்த வழி ஒன்றுக்கும் உதவவில்லை. ஆள்கள் ஏன் மெதுவாக வேலை செய்தார்கள் என்பதற்கு எந்த அட்டவணையிலும் கட்டம் கிடையாது. ஆனாலும் அறிக்கைகள் மெலிந்தன. இரண்டு வாரம் ஒதுக்கிய விசாரணை ஏழாம் நாளே முடிந்தது. நிபுணர்களிடம் கேட்ட கேள்விகள் எல்லாம், இன்ன தேதிக்கு இன்னது நடந்தது என்பது தெரியும், அது ஏன் நடந்தது என்பதைப் பற்றி இருந்தன. என் வேலையில் முதல் தடவையாக, கேட்க வேண்டியதைத்தான் கேட்கிறார்கள் என்று தோன்றியது.

இப்போது ஒரு புது வழக்கு வந்திருக்கிறது. எதிர்த்தரப்பு நிபுணர் யார் என்று தெரிந்த அன்றே ஒரு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினேன். மூன்றே கேள்விகள். 'முடிந்தது' என்பதற்கு நீங்கள் எந்த ஆவணத்தை எடுத்துக்கொள்ளப் போகிறீர்கள்? நாள்காட்டியில் ரமலான் நேரத்தை எப்படி வைக்கப் போகிறீர்கள்? மாதாந்திர அறிக்கையா, தினசரி அறிக்கையா? எங்கள் வக்கீல்களின் ஒப்புதல் இல்லாமல் அனுப்பக் கூடாது என்பதால் அவர்களுக்கு அனுப்பிவைத்தேன். மூன்று வாரமாகிறது. நேற்று நினைவூட்டியதற்கு, உள்ளே ஆலோசித்துக்கொண்டிருக்கிறோம், அதற்குள் நீங்கள் உங்கள் பக்கத்து அட்டவணையைத் தொடங்கிவிடுங்கள் என்று பதில் வந்தது. இன்று காலை போர் கார்டு கட்டுகளைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.